குரல் நாணில் ஆரம்பக் கட்டப் புற்று: லேசரா, கதிர்வீச்சா?

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று வருகிறது. ஸ்கோப்பில் பார்த்தால் கட்டி ஒரு குரல் நாணோடு நிற்கிறது, நாண் நன்றாக அசைகிறது. இந்த நிலையில் பரேலின் டாட்டா மெமோரியல் ஆனாலும் மும்பையின் வேறு எந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஆனாலும் இரண்டு வழிகளைச் சொல்வார்கள். வாய் வழியாகக் குழாய் செலுத்தி லேசரால் வெட்டி எடுப்பது ஒன்று. ஐந்தாறு வாரம் தினமும் போய்க் கதிர்வீச்சு எடுத்துக்கொள்வது இன்னொன்று. நம் வீடுகளில் ‘கரண்ட் வைக்கிறது’ என்பதும், ஓபிடி வரிசையில் பக்கத்தில் நிற்கும் இந்திக்காரர் ‘சிகாய்’ என்பதும் இதைத்தான். “ரெண்டுமே நல்லதுதான், வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க” என்று டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்துவிடுவார்.

அவர் தட்டிக்கழிக்கவில்லை. குணமாவதை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நாணில் மட்டும் இருக்கும் கட்டிக்கு, எந்த வழியில் போனாலும் பத்தில் ஒன்பது பேருக்கு அது அங்கே திரும்ப வருவதில்லை. மீதி ஒருவருக்கு என்ன ஆகும், குணமான ஒன்பது பேருக்கும் குரல் எப்படி இருக்கும், இந்த ஒன்றரை மாதத்தை எப்படிக் கழிப்பது என்பவற்றில்தான் வித்தியாசம் இருக்கிறது. முடிவும் அங்கேதான் எடுக்கப்பட வேண்டும்.

முதலில் ‘லேசர்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மவுசைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிடலாம். லோக்கல் ரயில் பெட்டியில் மூலத்துக்கு லேசர், கண்ணுக்கு லேசர், தோலுக்கு லேசர் என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து, லேசர் என்றாலே கத்தியில்லாத மாயம் என்று நினைப்பு வந்துவிட்டது. குரல்வளையில் லேசர் ஒரு கத்திதான். மிகக் கூரான, வெட்டும்போதே ரத்தத்தை அடைக்கிற கத்தி. இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கியவர் குமார் படேல். பிறந்த ஊர் இதே மகாராஷ்டிரத்தின் பாராமதி. அதன் ஒளி 10.6 மைக்ரான் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது, திசுவிலுள்ள நீர் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெட்டு ஆழமாகப் பரவாமல் மேலேயே நிற்கும். 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் அதை மைக்ரோஸ்கோப்போடு இணைத்துக் குரல்வளையில் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

எது ‘ஆரம்பக் கட்டம்’

மேல் தோலைத் தாண்டாதது டிஐஎஸ். ஒரு நாணில் மட்டும் இருந்தால் டி1ஏ, இரண்டிலும் இருந்தால் டி1பி. மேலேயோ கீழேயோ பரவினாலும், நாணின் அசைவு குறைந்தாலும் டி2. நாண் அசையாமல் நின்றுவிட்டால் டி3. அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே டி1 நிலையில் கழுத்து நெறிகளுக்குப் புற்று பரவியிருப்பது மிக அபூர்வம். கழுத்தைத் திறக்காமல், பெரிய பரப்புக்குக் கதிர் பாய்ச்சாமல் சிகிச்சை முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான். இன்னொரு அனுகூலமும் உண்டு. நாணில் மிளகளவு தடிப்பு வந்தாலே குரல் கம்மிவிடும், ஆகவே நோய் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் நாம்தான் சுக்குக் கஷாயத்திலும் அசிடிட்டி மாத்திரையிலும் ஆறு மாதத்தைக் கடத்துகிறோம். பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்குக் கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் ஸ்கோப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

மும்பையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரல்வளைக் காசநோய் பார்வைக்குப் புற்று மாதிரியே இருக்கும். ஸ்கோப்பில் பார்த்ததை மட்டும் வைத்து “கேன்சர்தான்” என்று யார் சொன்னாலும், திசுப் பரிசோதனை வரும்வரை முடிவு எடுக்காதீர்கள். வெளியில் பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மையங்கள் அவற்றைத் தாங்களே மறுபடி பார்க்காமல் சிகிச்சையைத் தொடங்குவதில்லை.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு வரிசை உண்டு. முடிந்தால் சிடி முதலில், பயாப்ஸி பிறகு. திசுவைக் கிள்ளி எடுத்த பின் வரும் வீக்கம் ஸ்கேனில் கட்டி மாதிரியே தெரிந்து குழப்பும். நாணின் நடுவில் மேலாக இருக்கும் சின்னக் கட்டி சிடியில் தெரியாமலே போகலாம், அதில் பயப்பட ஒன்றுமில்லை. கட்டி நாணின் முன்முனையைத் தொட்டால்தான் சிடி அவசியமாகிறது.

எல்லாம் முன்முனையில் இருக்கிறது

இரண்டு நாண்களும் முன்பக்கம் கூடும் இடத்தை முன் இணைப்பு என்பார்கள். ஆங்கில வி எழுத்தின் கூர்முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் தைராய்டு குருத்தெலும்பு, அதாவது வெளியிலிருந்து தொட்டால் தட்டுப்படும் தொண்டைமணி, மிக நெருக்கமாக ஒட்டியிருக்கிறது. நடுவில் தடுப்பாகக் கனத்த சதை இல்லை. கட்டி இங்கே வந்துவிட்டால் லேசர் வைக்கும் டாக்டருக்கு இரண்டு சிக்கல். நேர்கோட்டில் மட்டுமே செல்லும் கதிரை அந்த மூலைக்குக் கொண்டுபோவது கடினம். அப்படியே வெட்டினாலும் இரு பக்கமும் புண்ணாகி, ஆறும்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று ஒட்டிச் சவ்வாகிவிடும். பிறகு குரல் கீச்சென்றோ அடைத்தோ வரும், சவ்வு பெரிதானால் மூச்சும் இரைக்கும். இரு பக்கமும் கட்டி இருந்தால் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டு, ஆறிய பிறகு ஆறெட்டு வாரம் கழித்து மறுபக்கத்தை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் கை பழகியிருக்க வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி “லேசர் இருக்கிறதா” என்பதல்ல, “கட்டி முன் இணைப்பைத் தொடுகிறதா” என்பதுதான். நாணின் நடுவில் இருக்கும் டி1ஏ என்றால் லேசருக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. முன் இணைப்பைத் தாண்டியிருந்தால், அதில் தேர்ந்த கை கிடைக்காத பட்சத்தில், எங்கள் சாய்வு கதிர்வீச்சுப் பக்கம். அங்கே கதிர்வீச்சும் நடு நாணில் கிடைக்கும் அளவு பலன் தருவதில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. எந்த வழியானாலும் முன் இணைப்பு ஒரு படி கடினமான இடம்.

இரண்டாவது தடை நோயாளியின் வாயிலேயே இருக்கிறது. அறுவைக்கு ஒரு விறைப்பான இரும்புக் குழாயை வாய்வழியே இறக்கி, அதை மார்பின் மேல் தாங்கி வைத்து, மைக்ரோஸ்கோப் வழியே நாணை நேராகப் பார்க்க வேண்டும். குட்டைக் கழுத்து, துருத்திய மேல்பல், கழுத்துத் தேய்மானத்தால் தலையைப் பின்னால் சாய்க்க முடியாமை எல்லாமே இடைஞ்சல். இந்த நகரத்தில் அதைவிடப் பெரிய இடைஞ்சல் குட்காவும் பாக்கும். வருடக்கணக்கில் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. குழாய் இறங்கவில்லையென்றால் லேசர் சிகிச்சை கிடையாது. உங்கள் நடுமூன்று விரல்களைச் செங்குத்தாகச் சேர்த்து வைத்து வாய்க்குள் நுழைகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். நுழையவில்லையென்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்த பிறகு “பார்க்க முடியவில்லை” என்று எழுப்பி அனுப்பும் நிலை வரக்கூடாது.

லேசர் மேசையில் நடப்பது

முழு மயக்கம், முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள். கழுத்தில் ஓட்டை போடும் தேவை பொதுவாக வருவதில்லை. நாண் அடுக்கடுக்கானது. மேல் தோல், அதன் கீழ் கூழ் போன்ற மெல்லிய அடுக்கு, பிறகு நார், அதற்கும் உள்ளே தசை. எவ்வளவு ஆழம் எடுக்கிறார்கள் என்பதை ஐரோப்பிய முறைப்படி முதல் வகை, இரண்டாம் வகை என்று எண் கொடுத்துச் சொல்வார்கள். முதல் வகை தோலோடு நிற்கும், இரண்டாவது நாரை எட்டும், மூன்றாவது தசைக்குள் இறங்கும், நான்காவது நாணையே முழுதாக எடுக்கும், ஐந்தும் ஆறும் பக்கத்துப் பகுதிகளையும் சேர்க்கும். அறுவைக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியதில் தலையாய கேள்வி “எனக்கு எந்த வகை?” என்பது. பின்னால் வரப்போகும் குரலின் தலையெழுத்து அந்த எண்ணில்தான் இருக்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் ஆக்சிஜன், பக்கத்தில் லேசர், நடுவில் பிளாஸ்டிக் குழாய். தீப்பிடிக்கத் தேவையான மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அபூர்வமானாலும் பயங்கரமான விபத்து இது. அதற்காகத்தான் உலோக உறை கொண்ட தனி லேசர் டியூப், 30 சதவீதத்துக்குக் கீழே வைத்த ஆக்சிஜன், தவிர்க்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடு, டியூபின் பலூனில் காற்றுக்குப் பதில் நீலச் சாயம் கலந்த சலைன், பலூன் மேல் ஈரப் பஞ்சு என்று இத்தனை ஏற்பாடு. கதிர் தவறிப் பலூனைத் துளைத்தால் நீலத் தண்ணீர் எட்டிப் பார்த்து எச்சரிக்கும். சாதாரண டியூபை வைத்துக்கொண்டு “பார்த்துக்கலாம்” என்று லேசர் வைக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம். “லேசர் டியூப் போடுவீர்களா, மாதத்துக்கு இந்த அறுவை எத்தனை செய்கிறீர்கள்” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சங்கடப்படாமல் பதில் சொல்லும் டாக்டர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

வெட்டி எடுத்த துண்டு ஐந்தாறு மில்லிமீட்டர் இருக்கும், அரிசிமணியைவிடச் சற்று பெரிது. அதை அப்படியே ஃபார்மலின் பாட்டிலுக்குள் போட்டால் சுருண்டுவிடும். எது முன், எது பின், எது அடி என்று லேபில் யாருக்கும் தெரியாது. ஓரம் சுத்தமா என்ற கேள்விக்குப் பதிலே வராது. சரியாகச் செய்பவர்கள் துண்டைச் சிறு அட்டையில் விரித்துக் குத்தி, ஓரங்களுக்கு மை தடவி, படம் வரைந்து அனுப்புவார்கள். உடம்பின் மற்ற இடங்களில் புற்றைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பது வழக்கம். இங்கே ஒன்றிரண்டு மில்லிமீட்டரே கிடைக்கும், ஏனென்றால் நாணின் மொத்த நீளமே இரண்டு சென்டிமீட்டர் அளவுதான்.

அதனால் ரிப்போர்ட்டில் ‘மார்ஜின் குளோஸ்’ (வெட்டிய ஓரத்துக்கு மிக அருகில் புற்று) என்றோ ‘பாசிட்டிவ்’ (ஓரத்திலேயே புற்று) என்றோ வந்தால் உடனே இடிந்து போக வேண்டாம். லேசர் ஓரத்தைக் கருக்கும், ஃபார்மலின் சதையைச் சுருக்கும். உள்ளே மிச்சமில்லாதபோதும் ரிப்போர்ட் அப்படி வரலாம். ஆறெட்டு வாரம் கழித்து மறுபடி மயக்கம் கொடுத்துப் பார்த்து, சந்தேகமான இடத்தைக் கிள்ளிச் சோதிப்பார்கள். இந்த இரண்டாம் பயணத்துக்கான செலவையும் லீவையும் ஆரம்பத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். லேசர் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மற்ற தொல்லைகள் சின்னவை: பல் ஆடுவது அல்லது உடைவது, குழாய் அழுத்தியதால் நாக்கு மரத்துச் சில வாரம் ருசி தெரியாமல் போவது, தண்ணீர் குடித்தால் சில நாள் புரைக்கேறுவது.

கதிர்வீச்சு மேசையில் நடப்பது

வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்திலும் கழுத்திலும் அழுத்தி முகமூடி செய்வார்கள். சூடான துண்டைப் போட்ட மாதிரி இருக்கும், இரண்டு நிமிடத்தில் இறுகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கதிர் கொடுப்பார்கள். மூடிய இடத்தில் பயம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் கண், மூக்குப் பக்கம் வெட்டித் திறந்துவிடுவார்கள். மேசையில் படுத்திருப்பது பத்து நிமிடம், அதில் கதிர் பாய்வது ஒன்றிரண்டு நிமிடம். வலி கிடையாது. மாலையும் சங்கிலியும் கழற்ற வேண்டும். கழுத்தில் பவுடர், தைலம், சந்தனம் எதுவும் கூடாது. பிளேடில் சவரம் வேண்டாம்.

அளவு விஷயத்தில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. கதிரை அளக்கும் அலகு கிரே. பழைய முறை ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் 33 நாள், மொத்தம் 66 கிரே. ஜப்பானின் ஒசாகாவில் 180 டி1 நோயாளிகளைப் பிரித்துச் செய்து 2006ல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2.25 கிரே கொடுத்தவர்களுக்கு ஐந்தாண்டில் கட்டுப்பாடு, அதாவது நோய் அங்கே திரும்பாமல் இருந்தது, 92 சதவீதம், 2 கிரே கொடுத்தவர்களுக்கு 77. ஒரு நாள் அளவைக் கால் கிரே கூட்டி, மொத்த நாளைக் குறைத்ததில் வந்த லாபம் இது. ஆகவே 63 கிரே, 28 நாள் என்ற திட்டம் இன்று பரவலாக இருக்கிறது. பிரிட்டனில் 55 கிரேயை 20 நாளில் முடிக்கிறார்கள். “தினம் எத்தனை கிரே, எத்தனை நாள்” என்று கேளுங்கள். 2 கிரே என்று பதில் வந்தால் காரணத்தையும் கேளுங்கள்.

நாள் தவறக்கூடாது என்பது இதன் மறுபக்கம். இடைவெளியில் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டுப்பாடு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவதாகக் கணக்கு. டோம்பிவிலியிலிருந்தோ அம்பர்நாத்திலிருந்தோ வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் சென்ட்ரல் லைனில் வந்து போவதை யோசித்துப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒரு கனமழை பெய்தால் ஹிந்த்மாதாவில் இடுப்பளவு தண்ணீர், லோக்கல் நின்றுவிடும். அதோடு கணபதி விசர்ஜனம், இயந்திரப் பழுது. ஒரு நாள் போனால் சனிக்கிழமை ஈடுகட்டலாம், அல்லது ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை கொடுக்கலாம். ‘விட்டுப்போன நாளை எப்படிச் சரிக்கட்டுவீர்கள்’ என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். மழைக்காலத்தில் தொடங்குகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் தங்க இடம் பார்ப்பது புத்திசாலித்தனம். தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலை புற்றுநோயாளிகளுக்காகப் பல காலமாக இடம் கொடுத்துவருகிறது. தாராவியிலோ சயானிலோ சொந்தக்காரர் இருந்தால் அதைவிட நல்லது. நவி மும்பைக்காரர்களுக்கு டாட்டா மெமோரியலின் கார்கர் வளாகம் பக்கம். ரயிலில் போவதானால் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ஆஸ்பத்திரிக் கார்டு கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரத்தில் குரல் மோசமாகும், விழுங்கினால் வலிக்கும், கழுத்துத் தோல் கறுக்கும். “சிகிச்சை வேலை செய்யவில்லை” என்று பலர் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். இது எதிர்பார்த்ததே. முடிந்து ஆறெட்டு வாரத்தில் தணியும், குரல் மூன்றாவது மாதம்வரை தெளிந்துகொண்டே வரும். வாய்ப்புற்றுக்குக் கதிர் வாங்கியவர்களைப் பார்த்து “வாய் வறண்டுபோகும், பல்லெல்லாம் பிடுங்க வேண்டும்” என்று பயப்படுகிறார்கள். இங்கே கதிர் பாயும் பரப்பு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிது, ஐந்தாறு சென்டிமீட்டர் சதுரம். எச்சில் சுரப்பிகள் அதற்கு வெளியே இருக்கின்றன. தைராய்டின் ஒரு பகுதி மட்டும் உள்ளே வரலாம். எனவே ஆறு மாதமோ வருடமோ ஒரு முறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்வது வழக்கம்.

குரல்

“லேசர் வைத்தால் குரல் போய்விடும், கதிர்வீச்சில் குரல் பிழைக்கும்” என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. முதல் இரண்டு வகை வெட்டில் அதிர்வு பெருமளவு திரும்பிவிடும், கேட்பவருக்கு வித்தியாசம் தெரிவது கடினம். தசைக்குள் இறங்கினால் நாண் மெலிந்து, இரண்டும் சேரும்போது நடுவில் இடைவெளி விழும். காற்று கசிந்து குரல் ஊதலாகும், சத்தமாகக் கூப்பிட முடியாது. ஃபின்லாந்தில் 60 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2014ல் வெளிவந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. இரண்டு ஆண்டு முடிவில் ஒட்டுமொத்தக் குரல் தரம் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் லேசர் வைத்தவர்களுக்குக் காற்றுக் கசிவு அதிகம், கதிர்வீச்சு எடுத்தவர்கள் அன்றாட வாழ்வில் கரகரப்பால் பட்ட சிரமம் குறைவு.

உங்களுக்குக் குரல் எதற்கு வேண்டும் என்பது அதனால் ஒரு மருத்துவக் கேள்வியாகிறது. மாட்டுங்காவில் பாட்டுச் சொல்லித்தரும் ஒருவருக்கு மேலோட்டமான, இரண்டாம் வகைக்குள் அடங்கும் கட்டி என்றால் லேசர் தைரியமாகச் செய்யலாம். அதே ஆளுக்குக் கட்டி தசையைத் தொட்டிருந்தால் கதிர்வீச்சைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குக் கணக்கு வேறு. ஆறு வாரம் கடையை மூட முடியாது, குரலில் கொஞ்சம் காற்று வந்தாலும் வியாபாரம் நடக்கும். நாணின் அசைவலையைக் காட்டும் ஸ்ட்ரோபோஸ்கோப்பி இங்கே உதவும். கட்டிக்கு மேல் அலை ஓடினால் அது மேலோட்டம், அலை செத்திருந்தால் ஆழம் என்று ஊகிக்கலாம். லேசருக்குப் பிறகும் குரல் ஊதலாகவே இருந்தால், ஓராண்டு பொறுத்து நோய் திரும்பவில்லை என்று உறுதியான பின், நாணை நடுவுக்குத் தள்ளும் ஊசியோ சிறு அறுவையோ செய்துகொள்ளலாம். எந்த வழியானாலும் குரல் பயிற்சியாளரிடம் நாலைந்து முறையாவது போவது வீண் போகாது.

திரும்பி வந்தால்

எங்களைப் பொறுத்தவரை தராசு சாய்வது இங்கே. கதிர்வீச்சு அந்த இடத்துக்கு ஆயுளில் ஒரு முறைதான். அது கைகொடுக்காமல் நோய் திரும்பினால், கதிர்பட்ட வீக்கத்துக்கு அடியில் அது ஒளிந்திருக்கும். கண்டுபிடிப்பது தாமதமாகும், கிள்ளிப் பார்க்கும் புண்ணும் சரியாக ஆறாது. சிலருக்கு அப்போதும் லேசரோ பகுதி அறுவையோ முடியும். பலருக்குக் குரல்வளை முழுதையும் எடுத்துக் கழுத்தில் நிரந்தர ஓட்டை வைப்பதில் போய் முடிகிறது. லேசருக்குப் பின் திரும்பினால் மறுபடி லேசர் வைக்கலாம், அதுவும் போதாவிட்டால் கதிர்வீச்சு அப்போதும் கையிருப்பில் இருக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடைசிவரை தன் குரல்வளையோடு இருப்பவர்களின் பங்கு லேசரை முதலில் எடுத்தவர்களில் கூடுதல் என்று தெரிவது இதனால்தான்.

வயது குறைந்தவருக்கு இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. 45 வயதில் புகையால் ஒரு புற்று வந்தவருக்கு அதே தொண்டையில், வாயில், நுரையீரலில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கதிர்வீச்சை இப்போதே செலவழித்துவிட்டால் அப்போது கை கட்டிக்கொள்ளும். மயக்கம் தாங்காத இதயம், மோசமான நுரையீரல், எழுபத்தைந்தைத் தாண்டிய வயது என்றால் வாதம் தலைகீழ், கதிர்வீச்சே பத்திரம். டிஐஎஸ் நிலைக்கும், பாலுண்ணி மாதிரி வளரும் வெருகஸ் வகைக்கும் லேசர்தான் முதல் தேர்வு. கழுத்தைத் திறந்து பாதிக் குரல்வளையை எடுக்கும் பழைய அறுவை டி1க்கு இன்று அபூர்வமாகவே தேவைப்படுகிறது.

பணம்

லேசருக்கு ஒரே பில், கதிர்வீச்சுக்கு இயந்திரத்தைப் பொறுத்த பில். தனியார் இடத்தில் விலை கேட்கும்போது லேசர் தொகையில் மயக்க மருத்துவர், லேசர் டியூப், திசுப் பரிசோதனை, இரண்டாம் முறை பார்ப்பது எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கதிர்வீச்சில் முகமூடி, பிளானிங் சிடி இரண்டும் தனியாக வரலாம். நாணுக்கு மட்டும் கதிர் பாய்ச்ச மிக நவீனப் பெயர் கொண்ட திட்டம் கட்டாயமில்லை. இரு பக்கச் சாதாரணக் கதிரே பல பத்தாண்டுகளாக நல்ல பலன் தந்துவருகிறது. 1941ல் தொடங்கி 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் டாட்டா மெமோரியலில் பொது வகுப்புக் கட்டணம் மிகக் குறைவு. அதற்கு விலையாகக் கூட்டத்திலும் வரிசையிலும் காத்திருக்க வேண்டும். மகாராஷ்டிர ரேஷன் கார்டு உள்ளவர்கள் மாநில அரசின் மகாத்மா ஜோதிபா புலே இலவச மருத்துவத் திட்டத்தில் தங்கள் சிகிச்சை வருமா என்று ஆஸ்பத்திரியில் அத்திட்டத்துக்கு உதவும் ஊழியரான ஆரோக்கிய மித்ராவிடம் கேட்க வேண்டும். ஊரில் மட்டும் கார்டு வைத்திருக்கும் நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கவுன்டரில்தான். அனுமதி வந்த பிறகே தேதி வாங்குங்கள்.

புகையும் மறுபார்வையும்

சிகிச்சை நாட்களிலும் பீடி தொடர்ந்தால் கதிர்வீச்சின் பலன் குறையும். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறி ஆக்சிஜன் குறைந்தால் கதிருக்குச் செல்கள் எளிதில் சாவதில்லை. லேசர் புண்ணும் ஆறத் தாமதமாகும். விடுவதற்கு உதவ 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது.

முதல் ஆண்டில் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் ஆண்டில் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஐந்தாம் ஆண்டுவரை நாலு முதல் எட்டு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடம் ஒரு முறை ஸ்கோப். லேசர் வைத்தவருக்கு முதல் சில மாதத்தில் வெட்டிய இடத்தில் சிவந்த சதைக்கட்டி முளைப்பது சகஜம். பெரும்பாலும் அது தானாகச் சுருங்கும். மூன்று மாதம் தாண்டியும் இருந்தால் கிள்ளிப் பார்ப்பார்கள். கதிர்வீச்சு எடுத்தவருக்கு எதிர்மாறாக, ஒரு முறை தெளிந்த குரல் மறுபடி கம்மினாலோ, காதுக்குள் குத்துவலி வந்தாலோ, எச்சிலில் ரத்தக்கோடு தெரிந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்கக்கூடாது. ஒவ்வொரு வருகையிலும் ஸ்கோப் வீடியோவைப் பென்டிரைவில் வாங்கி வையுங்கள். டூட்டி டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார், போன தடவை நாண் எப்படி இருந்தது என்று அந்த வீடியோதான் சொல்லும்.